அத்தையின் இடது கண்

எங்கள் அத்தையின் தாடையை ஒட்டவைத்தவர் ஒரு பல் டாக்டர் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பல் பிடுங்குகிறவருக்கு எலும்பில் என்ன வேலை என்று கேட்பார்கள். அப்போது எங்கள் தெருவிலும் அப்படித்தான் கேட்டார்கள். நான் விடமாட்டேன். அவர் பல்லுக்கு மட்டும் இல்லை, மூக்குக்குக் கீழே இருக்கிற எல்லாவற்றுக்கும் டாக்டர் என்று அடித்துச் சொல்வேன். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஊரில் கை ஒடிந்தவர்கள் இருந்தார்கள், கால் ஒடிந்தவர்கள் இருந்தார்கள். தாடை ஒடிந்து, கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, எல்லார் கண்ணெதிரிலும் முறுக்கைக் கடித்துக் காட்டியது எங்கள் அத்தை ஒருத்திதான்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி வேதாரண்யம் பக்கம் போனவள், புருஷன் செத்ததும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே கடைமடையில் இருந்தது. காவிரித் தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் அதற்கே வரப் பிடிக்காமல் போயிருக்கும். வந்த தண்ணீரும் மிராசுதார் வயலுக்குத்தான் பாயும். எங்கள் தெருவே அவர் வயலில்தான் நட்டது, அவர் வயலில்தான் அறுத்தது. நடவுக்குப் போகும் பெண்களுக்கு முன்னால் நிற்கிறவள் அத்தை.

கோட்டையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரியவர்கள் பேச்சில் புதிய சொற்கள் நிறையப் புழங்கின. அப்பாவுக்கு மேடைப் பேச்சு என்றால் உயிர். கூட்டம் எங்கே நடந்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வருவார். வந்தபிறகு இரண்டு நாளைக்கு அம்மாவிடம் உப்புக் கேட்பதைக்கூட அடுக்குமொழியில்தான் கேட்பார். ஆனால் மிராசுதாரின் காரியஸ்தர் தூரத்து வரப்பில் தலை காட்டினால் போதும், அப்பாவின் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அத்தைக்கு அடுக்குமொழி வராது. இறக்குவதற்கு அவளிடம் துண்டும் இல்லை.

அந்த வருஷம் அறுவடைக்கு முன்னால் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு கோரிக்கை வைத்தார்கள். ஒன்று, கூலி நெல்லைக் கூட்டித் தரவேண்டும். அது விவசாயக் கூலிகள் சங்கத்தின் கோரிக்கை. இன்னொன்று அத்தையுடையது. வயலுக்குக் கொண்டுவரும் டீயை எங்களுக்கு மட்டும் கொட்டாங்கச்சியில் ஊற்றக் கூடாது, மற்றவர்களுக்குப்போல டம்ளரில் தரவேண்டும். சங்கத்து ஆண்களுக்கே அந்த இரண்டாவது கோரிக்கையில் அவ்வளவு பிடிப்பு இல்லை. நெல்லைக் கேட்போம், டம்ளரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

“நெல்லு இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம் தருவான். டம்ளரை இப்ப கேக்கலன்னா எப்பவும் கேக்க மாட்டீங்க” என்றாள் அத்தை.

மிராசுதார் இரண்டுக்குமே மசியவில்லை. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுக்க ஏற்பாடு செய்தார். எங்கள் தெருப் பெண்கள் வாய்க்கால் கரையில் மறித்து நின்றார்கள். காரியஸ்தர் தடியோடு வந்தார். “ஒன் கண்ணுல தண்ணியப் பாக்காம வுடமாட்டேன்டி” என்று சொல்லிக்கொண்டே அத்தையின் இடது கன்னத்தைப் பார்த்து ஓங்கி அடித்தார். தாடை கழன்று தொங்கியது, காதிலிருந்து ரத்தம் வந்தது. அத்தை தொங்கிய தாடையை ஒரு கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தபடியே நின்றாளாம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இதெல்லாம் நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தவள்போலத்தான் எல்லாரிடமும் சொல்வேன்.

தெருவே அதைத்தான் பேசியது. அடித்ததைப் பற்றிக்கூட அவ்வளவு பேச்சு இல்லை. அடித்தவன் கேட்ட தண்ணீர் அவள் கண்ணில் வரவில்லை என்பதுதான் பேச்சு. பக்கத்து ஊர் சங்கத்துக் கூட்டத்தில்கூட அதைச் சொல்லிக் கைதட்டினார்கள் என்று அப்பா வந்து சொன்னார். நான் வகுப்பில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே உட்கார ஆரம்பித்தேன்.

அத்தையை மாட்டு வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லாரி பிடித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் அந்தப் பல் டாக்டர் இருந்தார். தாடைக்கு அடியில் அறுத்து, உள்ளே உடைந்த எலும்பைக் கம்பியால் தைத்தார். வெளியே மேல்பல் வரிசையையும் கீழ்ப்பல் வரிசையையும் சேர்த்து வேறொரு கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்கவே கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தோடு ஒரு சின்னக் குறடும் கொடுத்தனுப்பினார்கள். அத்தைக்கு வாந்தி வந்தால் உள்ளேயே அடைத்து மூச்சு முட்டிப்போகும், உடனே கம்பியை நறுக்கிவிட வேண்டும் என்று அம்மாவுக்கு இடம் காட்டிக் கொடுத்திருந்தார்கள். அம்மா அந்தக் குறடைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அத்தைக்கு ஏப்பம் வந்தால்கூட அம்மா குறடும் கையுமாக ஓடிவருவாள். அத்தை பயந்துபோய் ஏப்பத்தையே விழுங்கக் கற்றுக்கொண்டாள்.

சாப்பாடு கஞ்சித் தண்ணீர்தான். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருந்த சந்தில், கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் அம்மா அதை ஊற்றுவாள். அத்தை கடித்த பல்லைத் திறக்காமலேயே பேசுவாள். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கொஞ்ச நாளில் புரிந்தது மட்டும் இல்லை, நாங்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டோம். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. பெண்களுக்கு அது வேறு ஒன்றாகிவிட்டது. காரியஸ்தர் எதிரே வந்து ஏதாவது கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, பல் மட்டும்தான் திறக்கவில்லை. அவரும் அதற்கு என்னதான் செய்வார்?

கம்பியை எடுத்தபோது தாடை நன்றாகக் கூடியிருந்தது. தஞ்சாவூரில் டாக்டர் தன்னிடம் படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “கடிச்சுக் காட்டுங்கம்மா” என்றாராம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தன. தழும்பு தாடைக்கு அடியில் மறைந்துகிடந்தது, அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு குறைகள் மட்டும் நின்றுவிட்டன. கீழ் உதட்டின் இடதுபக்கமும் மோவாயும் மரத்துப்போயிருந்தன. முகத்தின் இடது பாதி அசையவில்லை. காதுவரை இறங்கிய அந்த அடியில் முகத்து நரம்பு நசுங்கிவிட்டது, அது மெல்லத்தான் வளரும் என்றார்கள்.

மோவாய் மரத்திருந்ததால் அதில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் அத்தைக்குத் தெரியாது. அதற்காக நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சாப்பிடும்போது நான் எதிரே உட்கார்ந்துகொள்வேன். பருக்கை ஒட்டினால் என் மோவாயை நான் தடவிக்கொள்வேன், அத்தை தன் மோவாயைத் துடைத்துக்கொள்வாள். அடுத்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அவளுக்குக் கண்ணாடியாக இருப்பது எனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்ததுபோல இருந்தது.

மாதங்கள் போனபின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. உதட்டோரம் துடித்தது. மூடாமல் கிடந்த இடது கண் மூடத் தொடங்கியது. அம்மா சந்தோஷத்தில் புளிக்குழம்பு வைத்தாள். அத்தை முதல் கவளத்தை வாயில் வைத்து மென்றாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காரம் என்று நினைத்தோம். மறுநாள் ரசத்துக்கும் கொட்டியது. அதற்கு மறுநாள் வெறும் மோர்சோற்றுக்கும் கொட்டியது. மெல்ல ஆரம்பித்தால் ஊற்றும், மெல்லுவதை நிறுத்தினால் நிற்கும்.

அத்தை அன்றோடு அடுத்தவர் முன்னால் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். பழைய கூலிக்கே திரும்பிப் போன நடவு வயலில் எல்லாரும் சோற்றுத் தூக்கைத் திறந்தால் இவள் பசி இல்லை என்று எழுந்து போய்விடுவாள். தடியடிக்கே கலங்காத கண் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தக் கண் மோர்சோற்றுக்கு அழுகிறது என்றால் எப்படி வெளியே சொல்வது? காரியஸ்தர் காதுக்குப் போனால் என்ன சொல்வார்? வீட்டில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அத்தை என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த தடவை தஞ்சாவூர் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். அத்தை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். படிக்கிற பிள்ளை ஒருவரின் டிபன் கேரியரிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வாங்கி அத்தையின் நாக்கில் வைத்தார். இடது கண் ஊற்றெடுத்தது. டாக்டருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

“ரொம்ப அபூர்வம்மா இது. நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். இப்பதான் கண்ணால பாக்கிறேன்.”

அவருக்கு இருந்த சந்தோஷத்தில் பாதிகூட அத்தைக்கு இல்லை. டாக்டர் பொறுமையாக விளக்கினார். நசுங்கிய நரம்பு திரும்ப வளரும்போது, வாயில் எச்சில் ஊறச்சொல்லிப் போகவேண்டிய இழை வழி தவறிக் கண்ணுக்குப் போய்விட்டதாம். வாய்க்குப் போகிற சேதி கண்ணுக்குப் போகிறது, கண் தண்ணீர் விடுகிறது.

“மடை மாறிப் பாயுதுன்னு சொல்லுங்க” என்றாள் அத்தை.

“அதேதாம்மா.”

“அடைக்க முடியாதுங்களா?”

“முடியாதும்மா. இதால உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்ல. இப்படியே இருந்துட்டுப் போவட்டும்.”

பிறகு அத்தை, தான் கேட்க வந்ததைக் கேட்டாள். “இது அழுவையா, இல்லீங்களா டாக்டர்?”

“அழுகை இல்லவே இல்ல. அழுதா ரெண்டு கண்ணுலயும் வரும். இது அடிபட்ட பக்கம் மட்டும்தான் வரும்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்தில் எந்தச் செய்யுளையும் அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை.

அடித்ததற்குப் போட்ட கேஸ் நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. ஆனால் அடுத்த அறுவடை நெருங்கியதும் மிராசுதாருக்கு ஆள் வேண்டும், எங்களுக்கு வேலை வேண்டும். தாசில்தார் இரண்டு தரப்பையும் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் அத்தையும் அப்பாவும் தெரு ஆட்கள் சிலரும் போனார்கள். வெளியூர் போனால் வழியில் எங்காவது சாப்பிட நேரும் என்று அத்தை என்னையும் கூட்டிக்கொண்டாள்.

அப்பா போகிற வழியெல்லாம் ஒரு பேச்சு தயார்செய்துகொண்டே வந்தார். உள்ளே மிராசுதாரும் காரியஸ்தரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அதை மறந்துபோனார். நல்லவேளையாகத் துண்டு மட்டும் தோளிலேயே இருந்தது, அத்தை பின்னாலிருந்து அதன் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் பெஞ்சு போட்டிருந்தார்கள். பேச்சு வெகுநேரம் நடந்தது. கூலி பாதிக்குப் பாதி படிந்தது. டம்ளர் என்றதும் மிராசுதார் சிரித்தார். அதெல்லாம் ஒரு விஷயமா, கொடுத்தால் போகிறது என்றார்.

தாசில்தார் நல்ல மனுஷர். இப்போதே இங்கேயே ஆரம்பிக்கலாம் என்று சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். டவாலி போட்ட பியூன் ஒரு தட்டு நிறையக் கண்ணாடி டம்ளர்களோடு வந்தார். எல்லாம் ஒரே கடை டம்ளர்.

“மொதல்ல அந்த அம்மாவுக்குக் குடுப்பா. அவங்க கேட்டதுதானே” என்றார் தாசில்தார்.

அவர் மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். அத்தை டம்ளரை வாங்கினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. குடித்தால் அந்தக் கண் ஊற்றும். அடித்தவர் எதிரே, எங்கள் ஆட்கள் எதிரே, ஆபீசே பார்க்க ஊற்றும். குடிக்காவிட்டால், போன வருஷம் இந்த டம்ளருக்காகத் தாடையைக் கொடுத்தது எதற்கு? எங்கள் தெருக்காரர்கள் ஒருவரும் டம்ளரில் வாய் வைக்கவில்லை. அவள் குடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

“என்ன, கண்ணாடி டம்ளர் புடிக்கலியா? கொட்டாங்கச்சி கொண்டாரச் சொல்லவா?” என்றார் காரியஸ்தர்.

அத்தை டம்ளரை எடுத்தாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், விளிம்பில் நன்றாக உதட்டை வைத்து, ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். இடது கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, மரத்துப்போன மோவாயில் சொட்டியது. நான் அவசர அவசரமாக என் இடது கண்ணைத் துடைத்துக் காட்டினேன். அத்தை என்னைப் பார்த்தாள், ஆனால் துடைத்துக்கொள்ளவில்லை.

காரியஸ்தர் மிராசுதார் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? அழுதுட்டா. ஒரு டீத்தண்ணிக்கு.”

எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் எங்கே போனதோ, எழுந்து நின்று கத்தினேன்.

“எங்க அத்தெ அழுவல! அது எச்சித் தண்ணி! நரம்பு மடை மாறிப் பாயுது! அழுதா ரெண்டு கண்ணுலயும் வரும், இது அடிபட்ட கண்ணுல மட்டும்தான் வரும்! டாக்டரே சொன்னாரு!”

யாரோ சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை. அத்தையைப் பார்த்து, “பாப்பா என்னம்மா சொல்லுது?” என்று கேட்டார்.

அத்தை எழுந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தின் இடதுபக்கத்தை அவருக்கு நன்றாகத் தெரிகிறமாதிரி திருப்பினாள்.

“புள்ள சொல்றது நெசந்தாங்கய்யா. இது காரியஸ்தர் குடுத்த கண்ணு. சோறு தின்னா ஊத்தும், தண்ணி குடிச்சா ஊத்தும். நான் சாவுற வரைக்கும் ஊத்தும். இத்தன நாளு இத மறைச்சு வச்சிருந்தது என் தப்பு. மறைக்க வேண்டியது நான் இல்லீங்களே.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து மிச்ச டீயையும் சொட்டு விடாமல் குடித்தாள். கண் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. காரியஸ்தர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த பெருமையில் பெஞ்சின் மேல் ஏறி நிற்கலாம்போல இருந்தது. இன்றைக்கு இதை எழுதும்போதும் அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களும் குடித்தார்கள். அத்தை காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது. அப்பா குடித்து முடித்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியூர் டீக்கடைகளில் எங்களுக்கென்று தனியாக வைத்த டம்ளரில் குடித்தால் நாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வரவேண்டும். அந்தப் பழக்கத்தில் அவர் குழாய் எங்கே இருக்கிறது என்று சுற்றுமுற்றும் தேடினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் டம்ளரோடு எழுந்தார்கள்.

பியூன் குறுக்கே வந்தார். “எங்க போறீங்க? குடுங்கண்ணே, நான் எடுத்துக்கிறேன்” என்று அப்பா கையிலிருந்து டம்ளரை வாங்கித் தட்டில் வைத்தார். ஒவ்வொருவரிடமும் வாங்கி வைத்தார். ஏற்கெனவே அதில் தாசில்தார் குடித்ததும் மிராசுதார் குடித்ததும் இருந்தன. பியூன் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது எல்லாம் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. வெறும் கையோடு நின்ற அப்பாவுக்கு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தத் தட்டையும் அப்பாவின் கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் ஒன்றும் இல்லை, மெல்லவும் இல்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இடது கண்ணில் மட்டும் இல்லை, வலது கண்ணிலும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்போதுதான் ஊர் கேட்க டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கிறேன், யாராவது பார்த்துவிட்டால்? என் வலது கண்ணை அழுத்தித் துடைத்துத் துடைத்துக் காட்டினேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். முகத்தின் இரண்டு பாதியும் சேர்ந்து சிரித்தது. துடைத்துக்கொள்ளத்தான் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அத்தைக்குக் கேட்காமல் ரகசியமாகச் சொன்னேன். “அப்பா, அத்தெக்கு அந்தப் பக்கமும் மடை ஒடைச்சிக்கிச்சு. நான் பாத்தேன். சீக்கிரம் தஞ்சாவூருக்கு அழைச்சிக்கிட்டுப் போவணும்.”

எதற்கும் நாலு வார்த்தை அடுக்கிச் சொல்கிற அப்பா, “போவலாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அழைத்துப்போகவில்லை. நான் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தேன், அப்பா பார்க்கலாம் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அறுவடையில் தெருப் பெண்கள் அத்தையைக் கூட்டிப்போய் நடு வயலில் எல்லாரோடும் உட்காரவைத்துச் சோறு தின்னவைத்தார்கள், இடது கண் அதுபாட்டுக்கு ஊற்றியது, யாரும் அதைப் பெரிதுபண்ணவில்லை. அவ்வளவு பெரிய டாக்டர் இருக்கும்போது அந்த வலது கண்ணைக் காட்டாமலே விட்டுவிட்டார்களே என்று எனக்கு மட்டும் வெகுநாள் வரை வருத்தமாக இருந்தது.